அறுபத்தெட்டில் நின்ற முள்

"ஆகாது" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அக்கா இன்றைக்கும் மைசூரில்தான் இருந்திருப்பார். இதை நான் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடிக்கும்போதெல்லாம் தப்பு அவர் மேல் என்பது போல் ஆகிவிடுகிறது. கேட்பவர்களும் "பாவம், வாயால கெட்டாங்க" என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். அதனால்தான் இந்தத் தடவை எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சமாவது யோக்கியமாக இருப்பேன் என்று ஒரு நப்பாசை.

நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களாவை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். முப்பது ரூம், ஒரு பார், பின்னால் வேலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பாட்டில், கண்ணாடி டம்ளர், சாவிக்கொத்து எல்லாம் என் பொறுப்பு. அக்கா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். அவருக்கு அதற்கும் அப்பால், ஹனூர் தாண்டி, மார்டள்ளி. அந்த ஓட்டலில் வாய் நிறையத் தமிழ் பேச அவருக்கு நான், எனக்கு அவர், அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயது இருக்கும். குள்ளம். கழுத்தில் நூல் போன்ற சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும், அதைத் தேடி மேசை மேசையாகப் போவார்.

எதைக் கேட்டாலும் "ஆயிரும் உடு" என்பார். மேனேஜர் கன்னடக்காரர். அவரிடம் அதையே கன்னடத்தில் சொல்வார். "ஆகுத்தா மேடம்?" என்று அவர் கேட்பதற்கு முன்னால் "ஆகுத்தே சார்" என்று பதில் வந்துவிடும். மேனேஜர் அவருக்கு 'ஆகுத்தே மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார். ஒரு தடவை கல்யாணப் பார்ட்டி ஒன்று, இருபது பேர் என்று சொல்லிவிட்டு ஐம்பது பேராக வந்து இறங்கியது. பகல் பதினொரு மணி. படுக்கை இல்லை, போர்வை இல்லை. "ஆகுத்தே சார்" என்று சொல்லிவிட்டு அக்கா நேராகப் போய் மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில், உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிடம். எழுந்தபோது எல்லாம் அவர் மனதில் இருந்தது. பாங்கெட் ஹாலின் திரைச்சீலைகள் இறங்கிப் போர்வையாயின. சாயங்காலம் ஐம்பது பேரும் படுக்க இடம் இருந்தது.

"ஏனுங்க்கா, முடியுமான்னு யோசிக்காமயே எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல ஆயிரும்னு சொல்லிப்போடணும் தம்பி. அப்பத்தான் மூளை எந்திரிச்சு வேலை செய்யும். ஆகாதுன்னு ஒரு தடவை சொல்லிட்டா அது பாட்டுக்குப் படுத்துக்கும்."

எங்கள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு யூனிட் ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "ஆயிரும் உடு" என்று ஒரு குரல். மூன்று மணி நேரத்தில் அவருடைய மாதா கோயில் பாட்டுக்குழுவிலிருந்து நாலு பேரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நாலு பேரும் அம்மாவை முன்னே பின்னே பார்த்ததில்லை. அன்று காலையில்தான் அக்காவின் வீட்டுக்காரர் மார்டள்ளியிலிருந்து குடித்துவிட்டு வந்து, ஓட்டல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார், செக்யூரிட்டி தள்ளி அனுப்பியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து, அதுவும் செக்யூரிட்டி சொல்லி. அக்கா தனக்கென்று வாயைத் திறக்க மாட்டார். அடுத்தவருக்கு ஆயிரும், தனக்கும் ஆயிரும். அந்தச் சொல்லுக்குள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். அது எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

குவார்ட்டர்ஸில் ஜெனரேட்டருக்கு அடுத்த ரூம் அவருடையது. அவரும் மகளும். பாப்பா செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். அந்த ரூமின் சுவர் வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும், துணி காயாது. ஆனால் ஓட்டல் கேட்டைத் தாண்டி அவர் வீட்டுக்காரர் உள்ளே வர முடியாது. அதற்காகவே அக்கா அந்த ரூமைக் கும்பிட்டார். ஊரில் இருந்தது ஒரே வீடு, அவர் வீட்டுக்காரரும் மாமியாரும் இருக்கிற வீடு. அந்த வீட்டில் பாப்பாவுக்கு ஒரு மாமன் மகனைப் பேசியும் வைத்திருந்தார்கள்.

"பாப்பா பரீட்சை எழுதி முடிக்கிற மட்டும் இந்த ரூமு இருந்தாப் போதும் தம்பி. அவ நர்ஸிங்குல சேந்துட்டான்னா ஆஸ்டலுக்குப் போயிருவா. அப்பறம் என்னை எங்க வேணா தூக்கிப் போடட்டும்." அவர் தனக்காகக் கேட்டு நான் கேட்டது இது ஒன்றுதான். வேலை போனால் ரூமும் போகும். இது அந்த ஓட்டலில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

இப்போது சுருட்டு பீரோவுக்கு வருகிறேன்.

தசராவுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு அலமாரி வந்து இறங்கியது. ஆள் உயரம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே முழுக்கத் தேவதாரு மரத் தட்டுகள். முதலாளியின் சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர், தசரா முடிந்த கையோடு வந்து தங்கப் போகிறார், பெரிய சுருட்டுப் பிரியர். அவர் அனுப்பும் விலை உயர்ந்த சுருட்டுகளை வைக்கத்தான் இந்த ஏற்பாடு. வைத்துப் பாதுகாக்க வேண்டியது ஹவுஸ்கீப்பிங், சாவி ஸ்டோரில்.

"எங்கப்பன் சுருட்டைக் காதுல சொருகிட்டுத்தான் காட்டுக்குப் போவாரு. மழை வந்தா துண்டுக்குள்ள" என்று அக்கா சிரித்தார். "இதுக்குக் கண்ணாடி பீரோ, ஈரத்துக்குத் தண்ணி, அதை அளக்க ஒரு முள்ளு. நம்மள யாரும் இப்படிப் பாத்துக்கலையே தம்பி."

கூடவே இங்கிலீஷில் ஒரு பேப்பர் வந்திருந்தது. பாப்பாதான் படித்துச் சொன்னாள். புது மரத்துக்குத் தாகம் அதிகம். அப்படியே சுருட்டை வைத்தால் சுருட்டில் இருக்கும் ஈரத்தை மரம் உறிஞ்சிவிடும், சுருட்டு காய்ந்து வெடித்துவிடும். அதனால் முதலில் மரத்துக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். லேசாக நனைத்த துணியால் உள்பக்கம் துடைத்து, தட்டுக்குத் தட்டு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, பூஞ்சை பிடிக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் சுத்தத் தண்ணீர்தான். உள்ளே ஈரம் காட்டும் வட்ட மீட்டரின் முள் அறுபத்தெட்டுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு வாரம் திறக்கக் கூடாது. பக்கத்தில் வாசனையுள்ள எதையும் வைக்கக் கூடாது, இந்த மரம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

மேனேஜர் கேட்டார், "ரெண்டு வாரமா? அவ்வளவு நாள் இல்லையே. பத்து நாள்ல ஆகுத்தா மேடம்?"

"ஆகுத்தே சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேப்பர்லயே ரெண்டு வாரம்னு போட்டிருக்குதுங்க்கா. மரத்துக்கிட்டப் போயி சீக்கிரம் குடின்னு சொல்லுவீங்களா?" என்றேன்.

"ஆயிரும் உடு" என்று படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் பேப்பரில் வழி இருந்தது. பாட்டில் மூடியில் ஈர உப்பை வைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒரு நாள் கட்டி வைத்தால் எழுபத்தைந்து காட்ட வேண்டும். இது எழுபத்தொன்று காட்டியது. பின்னால் இருந்த சின்னத் திருகை அக்கா ஹேர்பின்னால் திருப்பிச் சரி செய்தார். அப்புறம் விளையாட்டாக அதைத் தன் ரூமுக்கு எடுத்துப்போய்ச் சுவரோரம் வைத்தார். எண்பத்திரண்டு. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம ரூமு சுருட்டுக்குத்தான் லாயக்கு தம்பி! மனுசருக்கு இல்ல!" பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்து நாளும் அக்கா அந்த பீரோவைத் திறக்கவில்லை. தினமும் காலையில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, டார்ச் அடித்து முள்ளைப் பார்ப்பார். முதல் நாள் குபுக்கென்று ஏறியது. அப்புறம் மளமளவென்று ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. "குடிக்குது தம்பி, நல்லாக் குடிக்குது" என்றார். அறுபத்து மூன்று, அறுபத்தைந்து, அறுபத்தாறு. ஒன்பதாம் நாள் அறுபத்தெட்டு. அது ஆயுத பூஜை அன்று.

அன்று மாலை அவருடைய கோயிலில் ஜெபமாலைக் கூட்டம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஸ்டோர் வாசலில் நின்று சொன்னார். "அறுபத்தெட்டு வந்துருச்சு. நாளைக்கும் அங்கயே நின்னுட்டா ஆச்சு. திறந்துராதே சாமி."

"சரீங்க்கா" என்றேன்.

மைசூரில் ஆயுத பூஜை அன்று பொட்டு இல்லாத சாமான் கிடையாது. பஸ்ஸுக்கு மாலை, லேத்துக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குக் குங்குமம். நானும் ஸ்டோரில் இருந்த தராசு, சாவிக்கொத்து, ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கற்பூரத் தட்டோடு பார் பக்கம் வந்தால் அந்த பீரோ மட்டும் மொட்டையாக நிற்கிறது. ஓட்டலிலேயே புதுச் சாமான் அது ஒன்றுதான். அதற்குப் பூஜை போடாமல் விட எனக்குக் கை வரவில்லை. அக்கா ஒன்பது நாளாக அதனோடு படும் பாட்டுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

வெளியே பொட்டு வைத்தால் புதுச் சாமானில் கறை என்று மேனேஜர் கத்துவார். ஆகவே திறந்து, கதவின் உள்பக்கம், கீழ் ஓரத்தில் வைத்தேன். மூன்று ஊதுபத்தியை ஒரு வாழைப்பழத்தில் குத்திக் கீழ்த்தட்டில் வைத்துக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து நடையில் மேனேஜரின் செருப்புச் சத்தம். எனக்கு முந்தின மாதம்தான் பாட்டில் உடைந்ததற்கு ஒரு மெமோ கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். எரிகிற ஊதுபத்தியோடு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஸ்டோருக்கு ஓடினேன். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாகப் புகை நின்றது. பழத்தை எடுத்தேன், சாம்பலைத் துடைத்தேன், கதவை விசிறினேன். நல்ல வாசனைதானே, இதனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன். ஊரே ஊதுபத்தி வாசனையில் இருக்கிற ஊரில் என் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே படவில்லை.

மறுநாள் காலை அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். திறந்து மூடியதில் இறங்கியிருந்த முள், கிண்ணத்துத் தண்ணீரால் மறுபடி ஏறி அறுபத்தெட்டிலேயே நின்றது. "ஆச்சு தம்பி! ஆச்சு!" என்று என்னைக் கூப்பிட்டார். கிண்ணங்களை எடுக்கக் கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவேயில்லை.  பிறகு குனிந்து கதவின் உள் ஓரத்தைப் பார்த்தார். பொட்டு இருந்தது. அதைத் துடைக்க நான் மறந்துவிட்டேன்.

"யாருப்பா திறந்தது?"

"தெரியலீங்க்கா."

சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன் என்று பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சிநேகிதருக்கு முதலாளி கொடுக்கும் விருந்துக்கு இன்னும் நாலு நாள். சுருட்டு மறுநாளே வந்துவிடும். பாப்பா பெங்களூருக்குப் போன் போட்டாள். ஊதுபத்தி வாசனை போக வேண்டுமென்றால் உள்ளே முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காற்றாட விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். அக்கா மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு உப்புத்தாளோடு உட்கார்ந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் சிவந்துபோனது. அடுப்புக்கரியைத் துணியில் கட்டி மூலைக்கு மூலை வைத்தார். கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டார். வாசனை கொஞ்சம் குறைந்தது, ஆனால் முள் நாற்பத்தொன்பதுக்கு விழுந்துவிட்டது. பதறிப்போய்க் கிண்ணங்களை வைத்துக் கதவைச் சாத்தினார். முள் ஏறியது, வாசனையும் கூடவே ஏறியது. வாசனை போக வேண்டுமென்றால் திறக்க வேண்டும். ஈரம் நிற்க வேண்டுமென்றால் மூட வேண்டும். திறப்பதும் மூடுவதுமாக ஒன்றரை நாள் அந்த பீரோவுக்கும் அவருக்கும் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஆயிரும், ஆயிரும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். என்னிடம் சொல்லவில்லை, அந்த மரத்திடம் சொன்னார். 

"மேனேஜர்கிட்டச் சொல்லி நாள் கேக்கலாமுங்க்கா" என்றேன்.

"என்னன்னு சொல்றது?" என்று திரும்பினார். "பூட்டுன பீரோவை யாரு திறந்தாங்கன்னுதானே முதல்ல கேப்பாரு?"

நான் ஒப்புக்கொள்ள அவர் திறந்து வைத்த வழி அது. நான் குனிந்து டம்ளர் எண்ணினேன். எண்ணிய டம்ளரையே மறுபடி எண்ணினேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

சுருட்டு வந்தது. இரண்டு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சாயங்காலம் மேனேஜர் போனில் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. உள்ளே வைத்தாகிவிட்டதா என்றார்.

"ஆச்சு சார்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆகும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சொன்னதை ஆக்கியும் இருக்கிறார். ஆகாததை ஆச்சு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பெட்டிகளை அந்த பீரோவில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு ராத்திரி வைத்தாலே ஊதுபத்தி ஏறிவிடும். ஸ்டோரில் மசாலா வாசனை. எனவே கடையில் ஒரு புது பிளாஸ்டிக் டப்பா வாங்கினார், இறுக்கி மூடுகிற மாதிரி, கழுவித் துடைத்துக் காயவைத்தார். ஒரு புதுச் சோப்புப் பெட்டியில் ஈரப் பஞ்சு வைத்து, பக்கத்தில் மீட்டர் வைத்து, பெட்டிகள் இரண்டையும் உள்ளே இறக்கித் தன் ரூமில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேறெங்கே வைத்தாலும் மணிக்கொரு தடவை போய்ப் பார்க்க முடியாது.

மறுநாள் மத்தியானம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "பாரு தம்பி. அறுபத்தெட்டு! இம்மி அசையல!" முகம் மலர்ந்து போயிருந்தது. "விருந்துக்கு அரை மணி நேரம் முன்னாடி எடுத்துட்டுப் போயி பீரோவுல அடுக்கிரலாம். அரை மணி நேரத்துல ஒண்ணும் ஏறாது. அவங்க எடுத்துக்குவாங்க. அப்பறம் நிதானமா பீரோவை மறுபடி பழக்கிக்கலாம். ஆயிரும் உடு."

ஆகியிருக்கும். அதுதான் கொடுமை. ஒரு பகல் நகர்ந்திருந்தால் ஆகியிருக்கும்.

விருந்து அன்று காலை பத்து மணிக்கு முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மேனேஜர் பெருமையாக அவரைப் பாருக்கு அழைத்துப்போய் என்னிடம் சாவி வாங்கி பீரோவைத் திறந்தார். உள்ளே நாலு கரிமூட்டையும் தண்ணீர்க் கிண்ணமும்தான் இருந்தன. அக்காவைக் கூப்பிட்டார்கள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சுருட்டு எங்கே?"

"என் ரூம்ல இருக்குங்க சார்." கேட்ட உடனே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை.

"உங்க ரூம்லயா? அன்னிக்குப் போன்ல ஆச்சுன்னு சொன்னீங்களே!"

"பீரோவுல ஊதுபத்தி வாசம் ஏறிப்போச்சு சார். இதுல வெச்சா கெட்டுரும். நல்லாத்தான் வெச்சிருக்கேன், வந்து பாருங்க." கன்னடத்தில் அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மேனேஜர் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். தினம் காலையில் ரிசப்ஷனில் ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்துகிற மனிதர். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

முதலாளி குனிந்தார். அக்கா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் கதவின் ஓரத்தில் அந்தப் பொட்டின் சிவப்பு மங்கலாக இருந்தது. மரம் அதையும் குடித்திருந்தது. "யார் இதுக்குள்ள பூஜை பண்ணது?" என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன்.  என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். காரணம் என்று சொன்னால் அது ஒரு காரணம். ஆனால் அந்த நிமிடம் மனைவி ஞாபகமெல்லாம் எனக்கு வரவில்லை. வெறும் பயம், அவ்வளவுதான்.

"நான்தான் சார்" என்றார் அக்கா.

முதலாளியின் கண் அவர் கழுத்துச் சிலுவைக்குப் போனது. அங்கே இரண்டு விநாடி நின்றது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற ஆள் அவரில்லை என்பது பார்த்த யாருக்கும் தெரியும். கேட்டிருக்கலாம். ஆனால் மணி பத்தைத் தாண்டிவிட்டது, விருந்து இருக்கிறது, ஒரு ஆள் ஒப்புக்கொண்டாயிற்று. விருந்தாளியின் சாமான் வேலைக்காரர் ரூமுக்குப் போனால் அதோடு வேலை போச்சு என்று மேனேஜர் சட்டம் சொன்னார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கொள்ளேகால் பஸ். நான்தான் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு பை, சாக்கில் கட்டிய குக்கர், பாப்பாவின் புத்தக மூட்டை. பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டாளோ என்னவோ, அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகு, "நான் போயி மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிப்போடறேனுங்க்கா" என்றேன். பஸ் கிளம்பப் போகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"உன் பொண்டாட்டிக்கு எத்தனை மாசம்?"

"ஏழுங்க்கா."

"அப்பறம் என்ன." கைப்பையைத் துழாவி அந்த வட்ட மீட்டரை எடுத்துக் கொடுத்தார். "அவசரத்துல என்கூட வந்துருச்சு. டப்பாவுலயே வெய்யி. சாயங்காலம் வரைக்கும் பீரோவுல வெச்சுராதே சாமி, அரை மணி நேரம் முன்னாடி எடுத்தாப் போதும். பஞ்சு காஞ்சிருந்தா ரெண்டு சொட்டு பேட்டரித் தண்ணி."

"பாப்பா பரீட்சைக்கு என்னுங்க்கா பண்ணுவீங்க?"

"ஆயிரும் உடு" என்றார்.

அந்தத் தடவை அவர் கண்ணை மூடி யோசிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. பாப்பா அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. வைகாசியில் அந்த மாமன் மகனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கொள்ளேகால் சந்தையில் ஒரு மார்டள்ளிக்காரர் சொன்னார். நான் மேனேஜரிடம் எதையும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒரு தடவைகூடப் போன் போடவும் இல்லை. போட்டால் நல்லா இருக்கியா தம்பி என்று கேட்பார். அதற்குப் பயந்துதான்.

சுருட்டு டப்பா இப்போது ஸ்டோரில் என் பொறுப்பில் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் சொன்னபடியே செய்தேன். பஞ்சில் இரண்டு சொட்டு. விருந்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பெட்டிகளை பீரோவில் அடுக்கினேன். சாப்பாடு முடிந்து அந்த விருந்தாளி வந்தார். நரைத்த மீசை, நிதானமான ஆள். பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் மெல்ல உருட்டிக் கேட்டார். மோந்து பார்த்தார். நுனியை வெட்டிப் பற்றவைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கழித்துப் புகையை விட்டார். 

"அபாரம்" என்றார். "எத்தனையோ ஊர்ல எத்தனையோ இடத்துல குடிச்சிருக்கேன். இவ்வளவு நல்லா வெச்சிருந்து நான் பாத்ததில்லை. இதை யாரு பாத்துக்கறது?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். விருந்தாளியும் திரும்பி, சிரித்த முகத்தோடு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான்தான் சார்" என்றேன்.